மரம் கொஞ்ச நாள் இருக்கட்டும்

பெரிய பாலம் கட்டுகிற பெரிய மேஸ்திரி அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் சோறு ஆக்குகிறவள், துணி துவைக்கிறவள், கூரை ஒழுகினால் அடியில் பாத்திரம் வைக்கிறவள் ஆகிய மூன்று பேரும் கூடி எழுதிக்கொள்வது. மூன்று பேரும் ஒரே ஆள்தான். பெண்டாட்டி என்று சொல்வார்கள். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதவும். உங்களைக் கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள். அதனால் நேராக முழங்காலிடமே கேட்டு எழுதவும்.

சுண்ணாம்பு லாரிக்காரர் கோந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். டீ குடிக்க உட்கார்ந்தால் நாற்காலியோடு ஒட்டிக்கொள்கிறார் என்று அந்தப் பெயரை வைத்தவளே நான்தான், ஆனால் இன்றைக்குப் பார்த்து "சீக்கிரம் எழுதும்மா, சீக்கிரம் எழுதும்மா" என்று பறக்கிறார். உங்கள் பள்ளத்தாக்கில் போன் எடுக்காது என்று ஆனதிலிருந்து அவர்தான் நமக்குத் தபால்காரர். என் எழுத்து கோணலாக இருந்தால் அவரைத் திட்டவும். நேராக இருந்தால் என்னைப் பாராட்டவும்.

மாப்பிள்ளை நேற்று பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துவிட்டு வந்து, மாமா கட்டுகிற பாலம் எப்படித்தான் நிற்கிறது என்று கேட்டார். பாடப் புத்தகத்தில் படம் போட்ட பாலமாம், அதில் ஐந்து வளைவாம், வெள்ளம் நடு வளைவைக் கொண்டு போனதாம், இரும்பும் சிமெண்டும் இல்லாமல் பழைய ஆட்கள் கட்டின மாதிரியே திரும்பக் கட்டுகிறீர்களாம். அதுவரைக்கும் அவருக்குத் தெரியும். அடியில் தூணே இல்லாமல் கல் எப்படி ஆகாயத்தில் நிற்கும் என்பதுதான் புரியவில்லை. நான் விடுவேனா? மேஸ்திரி பெண்டாட்டி இல்லையா? பவுடர் டப்பாவைப் படுக்க வைத்தேன். இரண்டு பக்கமும் செங்கல் வைத்தேன். "இந்த டப்பாதான் சென்ட்ரிங், வளைவு இறுகுற வரைக்கும் அடியில நின்னு தாங்கும், என் தம்பி அங்க மரத்துல செஞ்சு வச்சிருக்கான்" என்றேன். குளியல் சோப்பை ஒரு பக்கம் தடிப்பாக, ஒரு பக்கம் மெலிசாக அறுத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் டப்பாவின் மேல் ஏற்றிக்கொண்டே போய், நடுவில் உச்சிக்கல்லுக்குப் பதில் ஒரு துண்டைச் செருகினேன். சந்துக்கெல்லாம் காரைக்குப் பதில் பிசைந்த மாவு. பிறகு டப்பாவை மெதுவாக உருவினேன்.

பொதுக்கென்று உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை விசில் ஊதி "எல்லாரும் எறங்குங்க" என்றார். நம்ம பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாலத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை குளிக்கப் போனார்.

பெண்ணுக்கு மாதம் நெருங்கிவிட்டது. நர்சம்மா வந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, இனி எந்த நாளும் ஆகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறேன்.

ஒன்று சொல்கிறேன், காதில் வாங்கவும். மூத்தவன் பிறந்தபோது நீங்கள் மணிக்கூண்டின் உச்சியில் இருந்தீர்கள். இரண்டாமவன் பிறந்தபோது கோட்டைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். இவள் பிறந்தபோது அந்தப் பெரிய கும்மட்டத்துக்கு உள்ளே தொங்கினீர்கள். செய்தி சொல்ல வந்தவன் கீழேயிருந்து "பொண்ணு பொறந்திருக்கு" என்று கத்த, அது கும்மட்டத்தைச் சுற்றிச் சுற்றித் திரும்பத் திரும்ப வர, ஏழெட்டுப் பெண் பிறந்துவிட்டதாக நினைத்து உங்களுக்கு மயக்கமே வந்ததாம். இந்தப் பேரப்பிள்ளைக்காவது தரையில் நில்லுங்கள். வராமல் போனீர்களோ, "உன் தாத்தா ஒரு பாலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிட்டார்" என்று சொல்லித்தான் வளர்ப்பேன். பிள்ளைக்கு முதல் பேச்சே அதுவாகத்தான் இருக்கும்.

கோந்து ஹாரன் அடிக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மேலே சொன்ன மூன்று பேர்.

* * *

என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம் எல்லாம் அப்புறம்.

நீங்கள் அனுப்பிய காகிதம் கிடைத்தது. மூன்றே வரி. பிள்ளை பிறக்கும்போது வீட்டு வாசலில் இருப்பேன் என்று ஒரு வரி. அடுத்த வாரக் கடைசியில் சென்ட்ரிங்கை இறக்கிவிட்டுக் கிளம்புகிறேன் என்று ஒரு வரி. முழங்கால் கல் மாதிரி இருக்கிறது என்று ஒரு வரி. படித்துவிட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர் வீட்டுக்காரியிடம் போய்ச் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன், அவர் மாட்டிடமும் சொல்லியிருப்பேன், அது நிற்காமல் போய்விட்டது.

பிறகுதான் கோந்து சட்டைப் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். என் தம்பி எழுதியது. அவனைத் திட்டாதீர்கள். மர வேலை செய்கிறவனுக்கு மாமா மேல் பயம், அக்கா மேல் அதைவிடப் பயம். எல்லாவற்றையும் எழுதிவிட்டான்.

உச்சிக்கல் வைத்து இன்னும் மாதம் முழுசாகத் திரும்பவில்லையாம். அதற்குள் விடாத மழையாம். காரையை நகத்தால் கீறினால் இன்னும் பச்சையாகப் பெயர்கிறதாம். மழை விட்டு நல்ல வெயில் அடித்துக் காரை இறுகுகிற வரைக்கும் மரம் அடியிலேயே இருக்கட்டும் என்று என்ஜினியர் பொண்ணு சொன்னதாம். அப்போது நீங்களும் சரி என்றுதான் தலையாட்டினீர்களாம். அந்தப் பொண்ணு வேறு வேலையைப் பார்க்க ஊருக்குப் போயிருக்கிறதாம். திரும்பி வருவதற்குள் இறக்கிவிடலாம் என்று இப்போது நாள் குறித்துவிட்டீர்களாம். தம்பி தயங்கினதற்கு, "வளைவைத் தாங்குறது காரை இல்லடா, கனம். காரையே இல்லாம எத்தனையோ நூறு வருஷமா நிக்குது பழைய நீர்ப்பாலம். போய்ப் பாரு" என்றீர்களாம்.

அந்த நீர்ப்பாலத்தின் படத்தை எனக்கும் காட்டியிருக்கிறீர்கள். அதில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் தலைமுடி நுழையாது, அப்படி இழைத்து வைத்தார்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். உங்கள் வளைவுக்கு ஆற்றில் விழுந்த பழைய கல்லையே எடுத்து வைத்திருக்கிறீர்கள். மூலை உடைந்த கல். சந்தில் அக்கா சுண்டுவிரலே போகும் என்று தம்பி எழுதுகிறான். என் சுண்டுவிரல் எவ்வளவு தடிமன் என்று உங்களுக்குத் தெரியும், அதைப் பற்றி நீங்கள் பேசாத பேச்சா.

சந்து இருக்கிற இடத்தில் காரைதானே கல்? காரை பச்சையாக இருந்தால் கல்லே பச்சையாக இருக்கிற மாதிரிதானே? நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள், தப்பாக இருந்தால் திருத்தவும்.

அதோடு போயிருந்தால் நான் இப்படிக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்க மாட்டேன். மரம் இறங்கும்போது அடியில் நிற்கப் போகிறீர்கள். உங்கள் தொழிலில் அப்படித்தான் என்று தெரியும். உச்சிக்கல் வைத்தவன் அடியில் நிற்க வேண்டும், மரத்தைத் தாங்குகிற ஆப்பை ஒவ்வொரு தட்டாகத் தளர்த்தும்போது கல் என்ன சத்தம் போடுகிறது என்று அவன்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவன் கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்கு அதைச் சொன்னபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னீர்கள். நானும் சினிமா பார்க்கிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அப்போது எனக்கு அறிவில்லை. இப்போது பாருங்கள், அடியில் நிற்பது என் வீட்டுக்காரர், மேலே ஆப்பைத் தட்டுவது என் தம்பி. எனக்கு வேறு சொந்தமே இல்லாத மாதிரி எல்லாரையும் ஒரே வளைவில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்.

நான் எழுதினதெல்லாம் கிண்டல். உங்களுக்குத் தெரியாதா? கல்யாணத்தன்றைக்கே உங்கள் மூக்கைக் கிண்டல் செய்தவள் நான். மணிக்கூண்டு, கோட்டை, கும்மட்டம் என்று எழுதினது சிரிக்கத்தான். அதற்காக யாராவது பாலத்தின் காலை வாரிவிட்டு ஓடி வருவார்களா?

உலகமே போய்ப் பார்க்கிற அந்தச் சாய்ந்த கோபுரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது இருக்கிறதே. அடிமண் பொதபொதவென்று இருந்ததாம். இடையில் சண்டை வந்து வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். பல வருஷம் கழித்து வந்து மேலே கட்டினார்களாம். அப்படி நடுவில் விட்டுவைத்ததால்தான் மண் இறுகினது, ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அப்போதே படுத்திருக்கும் என்று சொன்னீர்கள். அவர்களுக்கெல்லாம் பேரப்பிள்ளை பிறக்கவில்லையா? அந்தப் பெரிய பிரமிடு கட்டினவன் ஒவ்வொருத்தனும் பெண்டாட்டி கடிதம் போட்டாள் என்று பாதியில் கல்லைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால் இன்றைக்கு அங்கே ஒரு மணல்மேடுதான் இருக்கும்.

இன்னொன்று. சோப்புப் பாலத்தை மறுபடி கட்டினேன். இந்தத் தடவை மாவு காய்கிற வரைக்கும் டப்பாவைத் தொடவில்லை. மாப்பிள்ளை போகும்போதும் வரும்போதும் "இப்ப உருவலாமா அத்தை" என்று கேட்டார், கையில் ஒரு அடி போட்டேன். இன்று காலையில் உருவினேன். நிற்கிறது. மேலே உப்பு ஜாடியை வைத்தோம், அப்போதும் நிற்கிறது. வீட்டில் யாரும் குளிக்காமல் அதைச் சுற்றி நடக்கிறோம்.

மரத்தை இறக்காதீர்கள். பிள்ளை பிறந்த பிறகு வாருங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சரி, ஒரு வார்த்தைதான் சொல்வேன்.

பதிலை இதே லாரியில் அனுப்பவும். கோந்து காத்திருப்பார், அவருக்கு உட்காரச் சொல்லியா கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதில் வரும் வரை உட்காராதவள்.

* * *

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இதை மாமா கண்ணில் காட்டாதே. படித்ததும் பசை காய்ச்சும் அடுப்பில் போடு.

உன் மாமா எனக்குப் பதில் எழுதவில்லை. கோந்து வாயில் சொல்லி அனுப்பியிருக்கிறார். "வர்றேன்னு சொன்னா வர்றேன்தான். மூணு தடவை இல்லாம போயிட்டேன், நாலாவது தடவையும் அவ வாயில விழ முடியாது. சனிக்கிழமை மரம் எறங்குது" என்றாராம். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். கோந்துக்கே முகம் சரியில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டார். அவர் டீயை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான்டா எனக்கு உறைத்தது. நான் கிண்டல் செய்யும்போதெல்லாம் அந்த மனுஷனும் கூடச் சிரித்துக்கொண்டே இத்தனை வருஷம் இருந்திருக்கிறார். உள்ளே அது குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கிண்டல் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கோபுரத்தைச் சொன்னேன், கேட்கவில்லை. நீ முடியாது என்று சொன்னால் உன்னைத் தள்ளிவிட்டு ஆப்பைத் தட்ட வேறு ஆளைக் கூப்பிடுவார், அவனுக்குக் கை பதமாக வராது, அது இன்னும் மோசம். என்ஜினியர் பொண்ணு திங்கட்கிழமைதான் வரும் என்கிறாய். அதனால் அக்கா ஒரு வேலை செய்யப் போகிறேன்.

இதோடு கோந்து இன்னொரு கடிதம் கொண்டு வருவார். அதில் பிள்ளை பிறந்துவிட்டது என்று எழுதப் போகிறேன். பிறக்கவில்லை. உன் மருமகள் இதோ எதிரில்தான் காலை நீட்டி உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். "நான் இன்னும் பெக்கவே இல்ல, அதுக்குள்ள எழுந்து வீட்டு வேலை பாருன்னு சொல்லிடாதம்மா" என்றாள். பிறகு உரித்த பட்டாணியைத் தள்ளி வைத்தாள். "எழுதும்மா, அப்பாவுக்கு எழுது" என்றாள்.

பிறக்காததைப் பிறந்தது என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. முதல் பிரசவம் வேறு. அதனால் அந்த ஒரு பொய் மட்டும்தான், மற்றதை முடிந்த வரைக்கும் நிஜமாகவே எழுதப் போகிறேன். அவர் ஓடி வருவது பிள்ளை பிறக்கும்போது இருக்கத்தானே? பிறந்துவிட்டது என்றால் ஓட வேண்டியது இல்லை. அவசரம் போனால் அறிவு திரும்பும். தொழிலில் அவருக்கு இல்லாத அறிவா.

பேரப்பிள்ளையைப் பார்க்க அப்படியே போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று மாப்பிள்ளை கேட்கிறார். வரட்டும். வாசலில் வந்து வயிற்றைப் பார்த்துவிட்டு என்னைக் கிழி கிழி என்று கிழிக்கட்டும். திட்டுகிறதற்கு ஆள் இருக்கும் இல்லையா?

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தக் கடிதத்தை அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் நீயே வாங்கி உரக்கப் படி. வேலையாட்கள் எல்லாரும் சுற்றி நிற்கும்போது படி. நாலு பேர் முன்னால் தாத்தா ஆனவர் உடனே போய் அடியில் நிற்க மாட்டார், முதலில் எல்லாருக்கும் டீ வாங்கித் தருவார். நடுவில் சிரித்துத் தொலைக்காதே. சின்ன வயதில் நீ திருடின பழத்துக்குக்கூட ஒழுங்காகப் பொய் சொன்னதில்லை.

உன் விரலைப் பார்த்து உளி பிடி.

அக்கா.

* * *

தாத்தா அவர்களுக்கு,

ஆமாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். தம்பி, நிறுத்தாமல் படி.

பிள்ளை பிறந்துவிட்டது. நீங்கள் வரும் வரை காத்திருக்கச் சொன்னேன், கேட்கவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை இல்லையா, யார் சொல்லைக் கேட்கும்?

பெண் நன்றாக இருக்கிறாள். பசிக்கிறது, பசிக்கிறது என்கிறாள். நர்சம்மா பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னார். மாப்பிள்ளை பஸ்ஸில் யாருக்கோ டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டு, யாருக்கோ இரண்டு தடவை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

பிள்ளை எப்படி என்று கேட்பீர்கள். சும்மா இருப்பதில்லை. அம்மா நடந்தால் தூங்குகிறது, அம்மா படுத்தால் உதைக்கிறது. நான் கை வைத்துப் பார்த்தேன், அந்தக் கால் என் உள்ளங்கையில் வந்து முட்டினது. கட்டிட வேலைக்குத்தான் போகும் போல. உங்கள் குரலைக் கேட்டால் என்ன செய்யுமோ தெரியவில்லை, அதற்கு இன்னும் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. மூக்கு யார் மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மூக்காக இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆணா பெண்ணா என்று கேட்டு ஆள் அனுப்ப வேண்டாம். சொல்ல மாட்டேன். கோந்தைக் குடைந்தாலும் பயனில்லை, அவருக்கும் சொல்லவில்லை. நீங்களே வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று தடவை நான் பெற்று வைத்திருந்ததை யார் யாரோ உங்களுக்குச் சொன்னார்கள். இந்தத் தடவை யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்காகவாவது ஆள் வர வேண்டும், வந்து நிற்க வேண்டும்.

ஆனால் அவசரம் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். பிறந்தது எங்கேயும் போய்விடாது. மழை விடட்டும். வெயில் அடிக்கட்டும். அந்த என்ஜினியர் பொண்ணு திரும்பி வந்து காரையைத் தட்டிப் பார்க்கட்டும், நீங்களும் நகத்தால் கீறிப் பாருங்கள். அதுவரைக்கும் மரம் அடியில் இருந்தால் யாருக்கு என்ன கஷ்டம்? என் தம்பி நல்ல மரமாகத்தான் பார்த்துப் போட்டிருப்பான்.

மூன்று தடவை வரவில்லை என்று நான் சொன்னதை இனிச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. கும்மட்டத்தில் நீங்கள் தொங்கின அந்த நாளுக்கு அப்புறம், இவளைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே போனேன். அதற்குள் நீங்கள் அடுத்த ஊருக்கு வேலைக்குப் போயிருந்தீர்கள். நடுவில் நின்று மேலே பார்த்தேன். அவ்வளவு பெரியது. ஒரு தூண் இல்லை. நீங்கள் பூசின இடம் எது, பழையது எது என்று தெரியவில்லை. இவள் அழுதாள். அவள் அழுகை மேலே போய், சுற்றி, திரும்பி வந்தது. அவளே பயந்து நிறுத்திவிட்டாள். நான் வந்தவர் போனவரிடமெல்லாம் "இந்தப் பிள்ளையோட அப்பாதான் அதைச் சரி பண்ணார்" என்று சொல்லிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன்தான் போகச் சொன்னார். இதை உங்களிடம் சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று இத்தனை நாளும் சொல்லவில்லை.

மரம் இறங்குகிற நாளில் நீங்கள் அடியில் நிற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் இடம், நில்லுங்கள். நான் வருகிறேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். நீங்கள் கீழே நின்று கல்லுக்குக் காது கொடுங்கள். கடைசி ஆப்பு விழுந்ததும் நான் பிள்ளையோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு உங்கள் தலைக்கு மேலே நடந்து போகிறேன். நான் எடை குறைவான ஆள் இல்லை, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் எந்த நாள் என்று நீங்களே குறியுங்கள். அந்தப் பிள்ளையைப் பாலத்தின் மேல் எந்த நாளில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று உங்கள் மனசுக்குத் தோன்றுகிறதோ, அந்த நாளில் மரத்தை இறக்குங்கள். அதற்கு முந்தின நாள் வேண்டாம்.

சோப்புப் பாலம் இன்னும் நிற்கிறது. கூரையும் இன்னும் ஒழுகுகிறது. நீங்கள் வந்து பார்க்கும் வரைக்கும் இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

நன்றாக இருங்கள். முழங்காலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களைக் கிண்டல் செய்ய இன்னும் நிறைய மிச்சம் வைத்திருப்பவள்.